பொன்னி பேரில் போன ரத்தம்

டாக்டர் குணமதி ஞாயிற்றுக்கிழமையில் போன் செய்கிறவர் இல்லை. திரையில் அவர் பேரைப் பார்த்ததும் புகழேந்தி எழுந்து நின்றுவிட்டான்.

"புகழேந்தி, எங்க இருக்கீங்க?"

"விழுப்புரத்துலதான் மேடம். வீட்ல."

"உங்க மச்சினி பொன்னி கல்யாணம் என்னைக்கு?"

"நாளைக்குக் காலையில. திண்டிவனம் மாதா கோயில்ல. இன்னிக்கு சாயங்காலம் பெண்ணழைப்பு."

"நீங்க போகலையா?"

பெண்டாட்டி அஸ்வினி செத்து வருஷம் திரும்பாதவன் பெண்ணழைப்பில் நின்றால் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று மாமியார் பிரபாவதி சொல்லியிருந்தாள். காலையில் கோயிலுக்கு வந்தால் போதுமாம். அவனுக்கும் அது வசதியாகவே இருந்தது. எட்டு மாதமாக எங்கேயும் போகாமல் இருப்பதுதான் அவனுக்கு வசதி.

"சரி, பதறாம கேளுங்க. பொன்னி ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு நாலு மாசத்துக்கு முன்னாடி சொன்னேன் இல்லையா? ரிப்போர்ட் சரிதான். ஆனா அந்த ரத்தம் பொன்னியோடது இல்ல."

தெருவில் யாரோ பால்காரனைக் கூப்பிட்டார்கள். புகழேந்தி கதவைச் சாத்தினான்.

குணமதி மேல்சித்தாமூர்க்காரர், பொழுது சாய்ந்தால் சாப்பிடாத சமணக் குடும்பம். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், குடும்பத்தில் வழிவழியாக வருகிற இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறார். அஸ்வினி ஒருமுறை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் கேட்டு மயங்கி விழுந்தபோது அவரிடம்தான் போனார்கள். அவர் ஈ.சி.ஜி. எடுத்தார். மாத்திரை கொடுத்தார். எந்த ஜீனில் கோளாறு என்று பார்க்க ரத்தமும் அனுப்பினார்.

ரிப்போர்ட் வருவதற்குள் தை மாதம் வந்துவிட்டது. விடிகாலையில் அலாரம் அடித்தது. அஸ்வினி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அப்படியே சாய்ந்தாள். அவ்வளவுதான்.

ரிப்போர்ட் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு வந்தது. இந்தக் கோளாறில் பல வகை உண்டு என்று டாக்டர் விளக்கினார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்ததற்குத் தயாராக வேண்டும். இவர்களுக்கு அது கொஞ்சம் தாமதமாகிறது. ஒரு வகைக்கு ஓட்டமும் நீச்சலும் ஆகாது. ஒரு வகைக்குத் தூக்கமே ஆபத்து. அஸ்வினியுடையது வேறொரு வகை. திடீர் சத்தம் ஆகாது. வகை தெரிந்தால் எந்த மாத்திரை, எவ்வளவு, எதை ஒதுக்க வேண்டும் என்று ஆளுக்கேற்றபடி சொல்லிவிடலாம். பொதுவாய்க் கொடுத்த மாத்திரை அஸ்வினிக்குப் போதவில்லை.

அதன் பிறகுதான் குடும்பம் முழுக்க ரத்தம் எடுத்தார்கள். அஸ்வினியின் தம்பி தேவாவுக்கு இருந்தது. சித்தப்பாவுக்கும் இருந்தது. மாமியாருக்கு இல்லை. ஆக அது இறந்துபோன மாமனார் ராயப்பன் வழியில் வந்தது. அவர் ஒரு தேர்த் திருவிழாவில் அதிர்வேட்டு வெடித்தபோது நின்ற இடத்திலேயே விழுந்தவர். காத்து கருப்பு அடித்துவிட்டதாக அவர் ஊர் மண்டகப்பட்டு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இப்போது தேவா மாத்திரை சாப்பிடுகிறான், போனை அதிர்வில் மட்டும் வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான். கடைசித் தங்கை பொன்னிக்கு இல்லை என்று வந்தது. அந்தத் தெம்பில்தான் கல்யாணமே குறித்தார்கள்.

"எப்படி மேடம் அவ ரத்தம் இல்லன்னு சொல்றீங்க?"

"அந்த ஒரு கோளாறு இருக்கா இல்லையான்னு மட்டும்தான் அப்பப் பார்த்தது. முழு ஜீனையும் குடும்பமா வச்சு ஒப்பிட்டது இன்னிக்குத்தான். கூடப்பிறந்தவங்களுக்குக் கிட்டத்தட்ட பாதி ஒத்துப் போகணும். தேவாவும் அஸ்வினியும் அப்படித்தான் ஒத்துப் போறாங்க. பொன்னி பேர்ல வந்தது ஒத்துப் போகல. ஆனா வேத்து ஆளும் இல்ல. எட்டுல ஒரு பங்கு வருது. அதுவும் அம்மா வழியில. மாமன் மகள், பெரியம்மா மகள், அந்த மாதிரி யாரோ."

புகழேந்திக்கு நொடியில் விளங்கிவிட்டது. தேவா கட்டியிருப்பது பிரபாவதியின் அண்ணன் மகளை. சொந்த மாமன் மகள் என்பதால் பிஷப் வரைக்கும் எழுதிப்போட்டு அனுமதி வாங்கிச் செய்த கல்யாணம். சகாயமேரி. பொன்னியின் வயதுதான். பொன்னியின் உயரந்தான். ரத்தம் எடுக்க வந்த பையனுக்கு எந்தப் பெண் எந்தப் பெண்ணென்று தெரிந்திருக்க வழியில்லை.

"அப்ப பொன்னிக்கு?"

"தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாதிக்குப் பாதி. மாப்பிள்ளைக்கு என்ன தொழில்னு சொன்னீங்க?"

புகழேந்தி வண்டிச் சாவியைத் தேடி எடுத்தான்.

"மைக் செட்டு, மேடம். சவுரி சவுண்டு சர்வீஸ்."

டாக்டர் சத்தமாகவே சொன்னார். "கிளம்புங்க. ஓடுங்க!"

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னைக்குத் திரும்புகிற காரெல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் இருந்தன. புகழேந்தி பைக்கை அவற்றின் இடுக்கில் நுழைத்தான். காற்று முகத்தில் அறைந்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக அவன் உடம்பில் ரத்தம் ஓடுவது அவனுக்கே தெரிந்தது. காது சுட்டது. கை முறுக்கிய முறுக்கில் வண்டி பறந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி ஓரங்கட்டி, தேவாவுக்குப் போட்டான். எடுக்கவில்லை. பொன்னியின் போன் அணைந்திருந்தது. சகாயமேரிக்குப் போட்டான். பின்னால் மோளம் முழங்க, அவள் எடுத்தாள்.

"அண்ணா! இன்னா அண்ணா, வந்துக்கினு இருக்கீங்களா? நான் சொன்னேன் இல்ல, அண்ணா வரும்னு!"

"சகாயம், ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. ரத்தம் எடுக்க வந்தப்ப பொன்னின்னு சொல்லிக் கைய நீட்டுனது நீயா?"

"யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"உன் ரத்தமே சொல்லிடுச்சு."

"அத்ததான் அண்ணா!" அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "இது அவங்கப்பன் வழி நோவு, நீ என் அண்ணன் பொண்ணு, உன்ன அண்டாது, கைய நீட்டுன்னாங்க. கல்யாணம் முடிஞ்சதும் பொன்னிக்குத் தனியா பாத்துக்கலாம்னாங்க. நான் இன்னா அண்ணா பண்ணுவேன்?"

"பொன்னிக்குத் தெரியுமா?"

"தெரியாது. தேவா ரத்தமே போதும்னு டாக்டர் சொன்னதா அவகிட்ட சொல்லி வச்சிருக்கு."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"மாதா கோயிலாண்ட, வேன்ல. அவரு வெடி ஆவாதுன்னு மண்டபத்துலயே தங்கிட்டாரு. பொன்னி எறங்குனதும் ஊர்வலம். மாப்ள வூட்டுக்காரங்க ரோடு ஃபுல்லா சரம் விரிச்சிக்கினு இருக்காங்க அண்ணா. பத்தாயிரம் வாலாவாம்."

"அவள எறங்க விடாத. கண்ணாடிய ஏத்தி வை."

"நான் சொன்னா யாரு கேப்பாங்க? மாப்ளயோட மாமன் கதவாண்டயே நிக்கிறாரு, ஜல்தி ஜல்தின்னு."

"எதையாவது செய், சகாயம். நான் வர்ற வரைக்கும்."

கூட்டேரிப்பட்டுப் பாலத்தை எப்படிக் கடந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. வெடிக்காதே, வெடிக்காதே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனான். பக்கத்தில் போன லாரிக்காரர் எட்டிப் பார்த்து, பைத்தியமா என்று கையால் கேட்டார். ஆமாம் என்று இவன் தலையாட்டினான்.

*

மாதா கோயில் தெரு அடைத்துக் கிடந்தது. ஒரு மினி லாரி நிறையக் கறுப்புப் பெட்டிகள், ஆள் உயரத்துக்கு. ஒவ்வொன்றிலும் மஞ்சளில் சவுரி சவுண்டு சர்வீஸ். பாட்டில் தரை அதிர்ந்தது. லாரியின் மேல் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் ஹெட்போனோடு, தன் கல்யாணத்துக்குத் தானே ஒயர் சொருகிக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை சவுரிராயன். கீழே சிவப்புச் சரம் தெருவின் நீளத்துக்குப் பாம்பு போல் கிடந்தது. அதன் தலைமாட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமன் குமரேசன், ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

வேன் கதவு அரையடி திறந்தது. சகாயமேரியின் தலை மட்டும் வெளியே வந்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷம்! ஜாக்கெட் கொக்கி அறுந்துடுச்சி!"

"இது மூணாவது கொக்கிமா!" குமரேசன் கத்தினார். "ஜாக்கெட்டா, வேலிப் படலா? பொண்ணு வூட்ல நல்ல டெய்லரே இல்லியா?"

கூட்டம் சிரித்தது. புகழேந்தி வண்டியைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு வேனை நோக்கி ஓடினான். குறுக்கே பிரபாவதி வந்தாள்.

"இன்னா மாப்ள, காலையிலதானே வரச் சொன்னேன்?"

"அத்தை, வெடிய நிறுத்தணும். பாட்டையும்."

அவள் முகம் பார்த்திருக்கும்போதே வெளுத்தது. அவன் சட்டையைப் பிடித்து வேனுக்குப் பின்னால் இழுத்தாள்.

"மெதுவா பேசுங்க. உங்க கால்ல வுழறேன். ஒரே ஒரு ராத்திரி. தாலி ஏறட்டும். ரெண்டு நாள் கழிச்சி நானே அவள டாக்டராண்ட கூட்டிக்கினு வர்றேன்."

"அஸ்வினிக்கு ஒரு அலாரம் போதுமா இருந்துச்சு அத்தை. இங்க பத்தாயிரம் கெடக்குது."

"எனக்குத் தெரியாதா? பெத்தவ நான். புருசனக் குடுத்தேன், ஒரு பொண்ணக் குடுத்தேன். மிச்சம் இருக்கறது ஒரு வூடு போய்ச் சேரட்டும்னு பாக்கறேன். நோவுக்காரின்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? சொல்லுங்க. தெரிஞ்சிருந்தா நீங்க கட்டியிருப்பீங்களா?"

"கட்டியிருப்பேன். அலாரத்தத் தூக்கிப் போட்டிருப்பேன்."

பிரபாவதி அவன் சட்டையை விட்டுவிட்டாள்.

வேனுக்குள் பொன்னி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சகாயமேரி ஊக்கால் கொக்கியைக் குத்துவதுபோல் குத்தி, பிய்த்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் சகாயமேரி ஊக்கைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா!" பொன்னி திரும்பினாள். மகிழ்ச்சியில் முகம் விரிந்தது. "வந்துட்டீங்களா? இவளப் பாருங்க, காலையிலேர்ந்து நல்லாத்தான் இருந்தா, இப்ப ஜாக்கெட்டயே..."

"பொன்னி, உன்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க."

அவன் சுற்றி வளைக்கவில்லை. ரத்தம் யாருடையது, ஏன், யார் சொல்லி. எல்லாவற்றையும் சொன்னான். பொன்னி தலைப்பூவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. பல்லைக் கடித்தாள்.

"போன வாரம் அவரு கடையில மைக் கீச்சுன்னு கத்துச்சி மாமா. எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வந்துச்சி. சாப்பிடாம வந்தேன், அதான்னு நெனச்சேன்." பையிலிருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தாள். "எங்க அக்கா செத்தது எதுல, எனக்கு இருக்கா இல்லியான்னு எனக்கே தெரியாது. ஆனா ஊரே சேர்ந்து முடிவு பண்ணிடும். நல்லா இருக்குது கத."

லாரி மேல் சவுரிராயனின் சட்டைப் பையில் போன் மினுங்கியது.

"சவுரி, வேனுக்கு வா. இப்பவே. பாட்ட படக்குன்னு நிறுத்தாத, கொறச்சிக்கினே வந்து நிறுத்து. கேக்காத, வா."

பாட்டு மெல்ல மெல்ல இறங்கித் தேய்ந்து நின்றது. தெருவில் இப்போது மனிதக் குரல்கள் மட்டும். சவுரிராயன் வேனுக்குள் எட்டிப் பார்த்தான், வேர்த்திருந்தான், யார் முகத்தைப் பார்ப்பதென்று தெரியாமல் புகழேந்தியைப் பார்த்தான்.

"இன்னா சகல? இன்னா ஆச்சி?"

பொன்னியே சொன்னாள். நான்கு வாக்கியம். கடைசியில், "வேணாம்னா இப்பவே சொல்லிடு. வேன்ல ஏறித்தான் உக்காந்திருக்கேன், அப்படியே திரும்பிப் போயிடறேன்" என்றாள்.

அவன் கண் அவள் முகத்தை விட்டு வெளியே தெருவுக்குப் போனது. அங்கே குமரேசன், பாட்டு நின்றதையே சைகையாக எடுத்துக்கொண்டு குனிந்துகொண்டிருந்தார். ஊதுபத்தி திரியை நோக்கி இறங்கியது.

"மாமோய்!"

அந்தக் குரல் அடித்தொண்டையில் நின்றுவிட்டது. கத்தக் கூடாது என்பது வாயைத் திறந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வாயை மூடினான். ஓடினான். புகழேந்தியும் ஓடினான். வேட்டி தடுக்கி மாப்பிள்ளை முட்டிபோட்டு விழுந்து, எழுந்து, வரவேற்பு மேசையில் இருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி, சரத்தின் தலையிலிருந்து வால்வரைக்கும் கவிழ்த்துக்கொண்டே போனான். புகழேந்தி குமரேசனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். ஊதுபத்தி சுருக்கென்று ஈரத்தில் அவிந்தது.

"டேய், பேமானி! இன்னாடா பண்ற? சிவகாசிலேர்ந்து வந்த சரம்டா!"

"பொண்ணுக்கு சத்தம் ஆவாது மாமா. ஹார்ட்ல ஒரு இது. செக் பண்ணிக்கினு வந்துடறோம்."

"ஹார்ட்லயா? நோவுள்ள பொண்ணயாடா நம்ம தலையில..."

"உனக்கு சுகர் எத்தினி வருஷமா இருக்குது? அத்த உன்னத் தொரத்திச்சா?"

குமரேசனின் பெண்டாட்டி கூட்டத்திலிருந்து, "தொரத்தியிருக்கணும்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

*

எதிர்வரிசையில் ஒரு நர்சிங் ஹோம் திறந்திருந்தது. கல்யாணப் பட்டோடு பொன்னியைப் படுக்க வைத்தார்கள். வளையல் கழற்றவே நேரமானது. ஈ.சி.ஜி. எடுத்த பெண் பயபக்தியோடு ஒவ்வொரு பிடியாக மாட்டினாள். யாரும் இருமக்கூட இல்லை. கட்டம் போட்ட காகிதம் நகர்ந்து வந்தது. புகழேந்தி அதைப் படமெடுத்துப் புதுச்சேரிக்கு அனுப்பினான். முதல் படம் கலங்கலாக விழுந்தது. மறுபடியும் எடுத்தான்.

போன் வந்தது.

"பொழுது சாயுறதுக்குள்ள சாப்பிட்டாகணும், அதனால மென்னுக்கிட்டேதான் பேசறேன், மன்னிச்சுக்குங்க." டாக்டரின் குரல் ஏறியிருந்தது. "புகழேந்தி, ஸ்பீக்கர்ல போடுங்க. பொன்னி, கேக்குதாம்மா? துடிப்புக்கு அப்புறம் ஒரு மேடு வரணும். உனக்கு அது நீண்டு, ரெண்டு மேடா வருது. உன் அக்காவுக்கும் அச்சு அசலா இதேதான். உனக்கும் இருக்கும்மா."

சகாயமேரி விம்மினாள். பொன்னி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"ஆனா ஒண்ணு. உன் அக்காவுக்கு வகை தெரிஞ்சப்ப அவ இல்ல. உனக்கு வகை தெரியும், மாத்திரை தெரியும், உன் தம்பி, இல்ல, அண்ணன்..."

"அண்ணன்தான், டாக்டர்."

"உன் அண்ணன் மேல அது வேலை செய்யறத நாலு மாசமா அளந்து பாத்துக்கிட்டு இருக்கேன். ஆஸ்துமா இருக்கா? இல்லையா? நல்லது. அங்க இருக்கற டாக்டர்கிட்ட குடுங்க, பிரஷர் பாத்துட்டு சின்ன அளவுல இன்னிக்கே ஆரம்பிக்கச் சொல்றேன். சளி, வாந்தி, வயித்துவலி, எதுக்கும் என்னைக் கேக்காம மருந்து வாங்கித் திங்கக் கூடாது. புதன்கிழமை இங்க வரணும். அப்ப ரத்தமும் குடுக்கணும். இந்தத் தடவ உன் ரத்தம்!"

பொன்னிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்திருந்த கட்டிலே குலுங்கியது.

சவுரிராயன் போனுக்கு அருகில் குனிந்தான். "மேடம், நான்தான் மாப்ள. திடீர்னு வர்ற சத்தம்தானே ஆவாது? சின்னதா ஆரம்பிச்சி ஏத்திக்கினே போனா?"

"இன்னிக்கு எதுவுமே வேண்டாம். புதன்கிழமை அதையும் பேசுவோம். என்ன தொழில்ப்பா பண்றே நீ, போயும் போயும்!"

"லைட்டிங்கும் இருக்குது மேடம். அதுல எறங்கிடறேன்."

மாத்திரையைப் பொன்னி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். மண்டபத்திலிருந்து ஓடிவந்த தேவா பக்கத்தில் நின்று, தனக்குத் தெரிந்த ஒன்றை முதல்முறையாக இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கிற பெருமையோடு, "கொஞ்சம் சோர்வா இருக்கும், பயந்துக்காத, மொத வாரம்தான்" என்றான்.

வாசல் படியில் பிரபாவதி உட்கார்ந்திருந்தாள். பொன்னி அவள் முன்னால் நின்றாள்.

"உன்ன நான் இன்னும் மன்னிக்கல."

"பரவால்ல," என்றாள் பிரபாவதி. "நீ இருந்துக்கினே மன்னிக்காம இரு." பிறகு புகழேந்தியிடம் திரும்பி, கண்ணைப் பார்க்காமல், "முன்னால போங்க மாப்ள. ரோட்ல பஸ்ஸு வரும்" என்றாள்.

ஊர்வலம் கிளம்பியது. மோளக்காரர்கள் மோளத்தைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நடந்தார்கள். சீரியல் விளக்குகள் மட்டும் எரிந்தன. செருப்புச் சத்தமும், பட்டுப் புடவைகள் உரசுவதும், பெண்கள் கிசுகிசுப்பதும் தெளிவாகக் கேட்டன. டீக்கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, கல்யாணமா, எழவா?"

"கல்யாணந்தான்!" என்று பொன்னியே சொன்னாள். "சத்தத்துக்கு மட்டும் லீவு!"

மெயின் ரோட்டில் செஞ்சி பஸ் ஒன்று திரும்பியது. கூட்டத்தைப் பார்த்த டிரைவரின் கை ஹாரனுக்குப் போனது. புகழேந்தி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடு ரோட்டுக்கு ஓடினான். அடிக்காதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினான், கும்பிட்டான், மறுபடி விரலை வைத்தான். டிரைவர் கையை எடுத்தார். அதற்குப் பின்னால் ஒரு லாரி. புகழேந்தி சிரித்துக்கொண்டே அதை நோக்கி ஓடினான்.